ஐஸ் பெட்டி வாடகைக்கு விடப்படும்

"தம்பி, தாங்குமா?"

ராஜாமணி அத்தை கேட்டது பெட்டியைப் பற்றி. கண்ணாடி மூடியின் மேல் வலது கையை விரித்து வைத்திருந்தார். மழைக்கால ஈரத்தில் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. கையை எடுத்தபோது விரல்கள் இருந்த இடம் மட்டும் தெளிந்து, அதற்குள் தனபால் மாமாவின் நெற்றியும் நெற்றியில் ஒட்டிய ஒற்றை ரூபாயும் தெரிந்தன.

வெளியே ஐப்பசி அடைமழை. கரண்டு காலையிலேயே போய்விட்டது. வாசலில் போட்டிருந்த சாமியானா தண்ணீரில் வயிறு தொங்கி நின்றது. யாராவது கம்பால் குத்திவிட்டால் ஒரு பக்கமாகக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொங்கும். கொல்லைப் பக்கம் எங்கள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"தாங்கும் அத்தை."

"எம்புள்ள வர்ற வரைக்கும்?"

"எப்ப வந்தாலும் தாங்கும் அத்தை. டீசல் இருக்கு. நா இங்கயேதான் இருப்பேன்."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தத் தொழிலில் நான் விற்றது பெட்டியை இல்லை. அந்த ஒரு சொல்லைத்தான். தாங்கும்.

போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், "காளான் அழுகிவிட்டது, செல்போன் உறை தேங்கிவிட்டது, பாட்டில் இளநீர் புளித்துவிட்டது, எல்லாம் சரி. ஒழுங்காக ஓடிய தொழில் ஒன்றுகூட உங்களுக்கு இல்லையா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒன்று இருந்தது. நன்றாகவே ஓடியது. இந்த வாரம் அதுதான்.

உமியும் ஐஸும்

தொழில் தொடங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது, சனங்கள் எதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்பதை. எம்.பி.ஏ. வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட பாடம் இது. எங்கள் நெரவிப் பக்கம் சனங்கள் எதற்குக் காத்துக் கிடக்கிறார்கள் என்பது பெரியப்பா செத்த அன்று தெரிந்தது.

பெரியப்பாவின் மகன் துபாயில் இருந்தான். அவன் வந்துதான் எடுக்க வேண்டும். காரைக்காலில் அப்போது ஐஸ் பெட்டிகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன; எல்லாமே வேறு வீடுகளுக்குப் போயிருந்தன. பட்டினச்சேரியிலிருந்து மீன் லோடு அடிக்கிற வண்டியில் ஐஸ் பாளம் வந்தது. கூடத்தில் உமியைக் கொட்டி, மேலே பாளங்களை அடுக்கி, அதன்மேல் பெரியப்பாவைக் கிடத்திய பெஞ்சைத் தூக்கி வைத்தார்கள்.

ஐஸ் உருகி வாசல் தாண்டி ஓடியது. உமி மிதந்துகொண்டே தெருவுக்குப் போனது. மீன் வாடை தெரியாமலிருக்க ஊதுவத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தினார்கள். அது இன்னும் மோசம். தெருவில் இருந்த பூனையெல்லாம் வேலியோரம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு சித்தி குச்சியை வைத்துக்கொண்டு அழுகைக்கு நடுநடுவே பூனை விரட்டினாள்.

அண்ணன் வந்து பெரியப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். எழுந்தபோது அவன் சட்டையெல்லாம் ஈரம். "ஏம்மா அப்பா நனைஞ்சிருக்காங்க?" என்றான்.

ஐஸ் கொண்டுவந்த வண்டிக்காரன் கலையரசன், என் வயதுதான். ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, "இதுக்குன்னு ஒரு பெட்டி வாங்கிப் போட்டா என்னங்க?" என்றேன்.

"வாங்கிப் போடுங்களேன். நா வாணாங்குறனா? பெட்டி ஒங்களுது, வண்டி என்னுது."

"வெளையாடுறீங்களா?"

"மீனுக்கும் மனுசனுக்கும் ஒரே நாள்ல ஐஸ் எறக்கிட்டு வந்துருக்கேன். எனக்கு இதுல என்னா வெளையாட்டு, மாப்ள?"

அந்த 'மாப்ள'யிலிருந்து எங்கள் கூட்டுத் தொழில் தொடங்கியது.

ஆயுத பூஜையில் என்ன வேண்டுவது?

பெட்டி வந்து இறங்கிய அன்று அம்மா வாசல் கேட்டைச் சாத்திவிட்டாள்.

"ஊர்ல அவனவன் டீக்கடை வக்கிறான், ஜெராக்ஸ் கடை வக்கிறான். நீ பொணம் வக்கிற பெட்டியக் கொண்டாந்து வாசல்ல எறக்குற. இதுக்கா உன்ன எம்.பி.ஏ. படிக்க வச்சேன்?"

"புதுப் பெட்டிம்மா. இன்னும் யாரையும் வக்கல."

"வாய்ல போடுவேன். எடுத்துக்கிட்டுப் போ."

கடையை எந்த இடத்தில் வைப்பது என்று பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே உண்டு. நாலு பேர் பார்க்கிற இடமாக இருக்க வேண்டுமாம். எங்களுக்கு நாலு பேர் பார்க்காத இடம் தேவைப்பட்டது. பட்டினம் போகிற ரோட்டில் ஓடாமல் கிடந்த ரைஸ் மில்லின் கொட்டகையை ஒருவர் கொடுத்தார். பெட்டியைப் பின்வாசல் வழியாகத்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையோடு.

அப்புறம் போர்டு. 'ஐஸ் பெட்டி வாடகைக்கு விடப்படும்' என்று எழுதி, கீழே என் போன் நம்பர். கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. கலை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "'மீண்டும் வருக'ன்னு போட்டுறலாமா மாப்ள?" என்றான். பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பெட்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தோம். வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சூடம் ஏற்றிக் கைகூப்பி நின்ற கலை, ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"மாப்ள, என்னான்னு வேண்டிக்கிறது?"

"தொழில் பெருகணும்னு."

"யோசிச்சுச் சொல்லு."

இரண்டு பேரும் ஒன்றும் வேண்டாமல் சூடம் அணையும்வரை நின்றுவிட்டுப் பொரி தின்றோம்.

வாங்க என்று சொல்லக் கூடாத தொழில்

எனக்குச் சும்மா இருக்க வராது. தொழில் தொடங்கினால் சந்தையை அளக்க வேண்டும் என்று, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். எந்த வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில், எந்த வீட்டுப் பெண் பிரான்ஸில், எந்த வீட்டில் வயதானவர்கள் மட்டும். மனதுக்குள் குறித்துக்கொண்டே போகும்போது ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"என்னா தம்பி, எங்க வீட்டையே பாத்துக்கிட்டுப் போற?"

உள்ளே அவர் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சிரித்தார். அன்றோடு சந்தை அளப்பதை விட்டேன்.

விளம்பரம் கிடையாது. வாடிக்கையாளரை 'வாங்க' என்று வரவேற்க முடியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. சாவு வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். வாடகையை அங்கே கேட்கக் கூடாது. காரியம் முடிந்து அவர்களாகக் கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வோம். படித்தது அத்தனையும் தலைகீழ். ஆனால் தொழில் ஓடியது. மண்டபத்தூர் வரை கூப்பிட்டார்கள். ஏன் என்றால் எங்கள் பெட்டி நின்றதில்லை. 'நெரவிப் பெட்டியா, கவலையில்ல' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

கூட்டுத் தொழிலில் பங்காளிகளுக்குள் என்ன விதி வேண்டும் என்பதை நான்தான் கலைக்குப் பாடமாக எடுத்தேன். போன் அடித்தால் உடனே எடுப்பது. ஒருத்தருக்குத் தெரிந்ததை இன்னொருத்தரிடம் மறைக்காமலிருப்பது. "அவ்ளோதானா மேனேஜ்மென்ட்டு? இதுக்கா ரெண்டு வருசம்?" என்றான்.

ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஒரு போன்

தனபால் மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை. பக்கத்துத் தெரு. கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் முரளி அண்ணன் பிரான்ஸில் ஓட்டல் வேலை. 'எம்புள்ளைக்கு அங்க தங்குறதுக்குப் பேப்பரெல்லாம் ஆயிடுச்சு, அடுத்த வருசம் எங்களையும் கூட்டிக்கிறேங்கிறான்' என்பதை அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதற்கு முந்தின வருஷமும் அதையேதான் சொன்னார்.

மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். முரளி அண்ணன் போனில், "கெளம்பிட்டேம்மா" என்றாராம். பெட்டி போனது. அன்று அண்ணன் வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். அடுத்த நாளும் வரவில்லை. மழையில் பிளேன் தாமதமாம்.

மாமாவின் தம்பி கோவிந்தசாமி நனைந்த துண்டைப் பிழிந்து பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"அண்ணி, ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. சுடுகாட்டுப் பாதை முங்கிட்டா அப்புறம் படகுலதான் எடுத்துக்கிட்டுப் போவணும். இன்னைக்கு எடுத்துருவோம்."

"எம்புள்ள பாதி தூரம் வந்துட்டான். எப்புடி எடுப்பிய?"

"பெட்டி எத்தன நாளு தாங்கும் அண்ணி?"

"தாங்கும். தம்பி சொல்லிட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அந்த வீடே என் தலையாட்டலில் நின்றது.

பிற்பகலில் கலை டீசல் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்கால் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"தம்பி, நா முரளி. வீடியோவுல அப்பாவக் காட்டுனாங்க. பெட்டியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல ஒன் நம்பரு தெரிஞ்சிச்சு."

"அண்ணே, எங்க இருக்கிய? சென்னையில எறங்கிட்டியளா?"

பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். யாரோ வேற்று மொழியில் அதட்டினார்கள்.

"நா கெளம்பவே இல்லடா."

நான் மாமரத்தடிக்கு நகர்ந்தேன். இலையிலிருந்து கழுத்துக்குள் தண்ணீர் சொட்டியது.

"எனக்குப் பேப்பர் ஆவல. இப்ப வெளில வந்தா திரும்பி உள்ள போவ முடியாது. அம்மாகிட்ட எல்லாம் ஆயிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். கெளம்பிட்டேன்னு சொன்னது… வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் மாத்தத் தெரியல."

"உண்மையச் சொல்லிடுங்கண்ணே. அத்தை புரிஞ்சுக்குவாங்க."

"அப்பா போன அன்னைக்கே நானும் போயிட்ட மாதிரி ஆயிடும்டா அம்மாவுக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஒன்னால ஒண்ணு முடியுமா? பெட்டி கெட்டுப் போச்சுன்னு சொல்லிடு. எடுத்துருவாங்க. நா வந்துக்கிட்டுதான் இருந்தேன், பெட்டி தாங்கலன்னு இருக்கட்டும். எடுத்தாச்சுன்னு தெரிஞ்சு பாதி வழியில திரும்பிட்டேன்னு நா சொல்லிக்கிறேன்."

"அண்ணே, என் தொழில்…"

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"தெரியும்டா. தெரிஞ்சுதான் கேக்குறேன்."

உறுமல் நின்றது

நான் உள்ளே போனபோது அத்தை ஒரு டம்ளரை நீட்டினார்.

"காலையிலேருந்து ஒண்ணும் வாயில வக்கல நீ. கருப்புக் காப்பிதான். குடி."

சாவு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. எதிர்வீட்டிலிருந்து வந்த காப்பி. அதில் பாதியை எனக்காக ஆற்றி வைத்திருக்கிறார். குடித்தேன். சுக்கும் வெல்லமும் தொண்டையில் இறங்கின.

டம்ளரை வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன். ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி. ஸ்விட்ச் சிவப்பு நிறம், ஈரத்தில் வழுக்கியது. அழுத்தினேன்.

பெட்டிக்கு ஓர் உறுமல் உண்டு. இரண்டு நாளாக அந்தக் கூடத்தில் எல்லோரும் அதற்கு மேலேதான் பேசினார்கள், அதற்கு மேலேதான் அழுதார்கள். அது நின்றதும் எல்லோரும் தங்களை யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்தார்கள். மழைச் சத்தம் கூடத்துக்குள் வந்தது.

"என்னாச்சு தம்பி?" என்றார் அத்தை.

"கம்ப்ரசர் போயிடுச்சு அத்தை."

கோவிந்தசாமி கொல்லைப் பக்கம் காதைக் கொடுத்தார். "ஜெனரேட்டர் ஓடுதே?"

"கரண்டு வருதுங்க. பெட்டிதான்."

"போட்டுப் பாரேன் இன்னொரு தடவ."

"போட்டுப் பாத்துட்டேங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் வாசலில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல் ஆட்களைக் கூப்பிட்டார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. "தாங்கும்னியே தம்பி" என்றார். அவ்வளவுதான். முந்தானையால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார். மூடியைத் தூக்கியபோது உள்ளேயிருந்து குளிர் புகை மாதிரி வழிந்து கீழே போனது. இரண்டு நாளாகக் கண்ணாடிமேல் கிடந்த கை, அப்போதுதான் மாமாவின் கன்னத்தில் பட்டது. "சில்லுன்னு இருக்கியளே" என்று அவரிடம் சொன்னார்.

தூக்குவதற்கு முன்னால் யாரோ வீடியோவில் முரளி அண்ணனைப் பிடித்துக் கொடுத்தார்கள். அத்தை போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எய்யா, எங்கய்யா வந்துக்கிட்டு இருக்க? பெட்டி கெட்டுப் போச்சுய்யா. ஒனக்காக வச்சிருந்தேன். வச்சிருக்க முடியலய்யா. அம்மாவ ஏதும் நெனச்சுக்காத."

போனில் அண்ணன் முகம் தெரிந்ததா என்று நான் பார்க்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

கோவிந்தசாமியின் மகன் கொள்ளி வைத்தான். இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஓடுதுடா

கலை டீசல் கேனோடு வந்தபோது வாசலில் சாணம் தெளித்திருந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். சொல்லிக்கொள்ளாமல்தான். இறக்கிய உடனே ஒயரைச் சொருகி ஸ்விட்ச்சைப் போட்டான். பெட்டி உறுமியது. கண்ணாடியில் மெல்லப் பனி பூத்தது.

"ஓடுதுடா!"

"அங்க ஓடல."

"நல்லா ஓடுதுடா மாப்ள. இங்க பாரு, கைய வச்சுப் பாரு."

"அங்க ஓடலன்னு சொல்றேன்ல."

ஸ்விட்ச்சை அணைத்தான். போட்டான். அணைத்தான். போட்டான். ஒவ்வொரு தடவையும் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

"என்னப் பாத்துச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஆனால் கலையின் வாய் எனக்குத் தெரியும். எங்கள் பெட்டிக்குக் கெட்ட பெயர் வருவதைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியாது. முதல் டீக்கடையிலேயே உண்மையை உடைப்பான். அப்படிச் செய்ய அவனுக்கு முழு உரிமையும் உண்டு; தொழிலில் பாதி அவனுடையது. அதனால்தான் சொல்லவில்லை.

'நெரவிப் பெட்டி பாதியில நின்னுடுமாம்' என்ற பேச்சு மழை விடுவதற்குள் பட்டினச்சேரி வரை போய்விட்டது. இந்தத் தொழிலில் ஒரு தடவை நின்றால் போதும். யாரும் சோதித்துப் பார்த்து இரண்டாம் வாய்ப்புக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் முடியாது. அத்தை போகிற சாவு வீடுகளிலெல்லாம் சொல்வாராம்: "அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லக் கூடாது, நல்ல புள்ள. பெட்டிதான் சரியில்ல." என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல என் போன் அடிப்பது நின்றது.

கலை ஒருநாள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"பெட்டி நின்னதக்கூட விடு. அது மிசினு. அன்னையிலேருந்து நீ என்கூடப் பேசும்போது வேற எங்கயோ பாக்குற. நா மீனுக்கே போறேன்."

பெட்டியைத் தெற்கே ஒருவருக்கு விற்றேன். நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இத ஏங்க விக்கிறீங்க?" என்று கேட்டார். போர்டை மட்டும் கழற்றாமல் வந்துவிட்டேன். பாதி எழுத்து உதிர்ந்து அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பஸ்ஸில், ரேஷன் கடையில் என்று எங்கே பார்த்தாலும் அத்தை என்னை நிறுத்துவார். வேறு வேலை கிடைத்ததா என்று கேட்பார். கடைசியில், "அன்னைக்கு மட்டும் ஒன் பெட்டி தாங்கியிருந்தா, எம்புள்ள அவங்க அப்பா மொகத்தப் பாத்துருப்பான்" என்பார். கோபமாக இல்லை. ரயிலைத் தவறவிட்டதைச் சொல்வதுபோல. "ஆமா அத்தை" என்பேன்.

இன்னொரு போன்

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இப்போது எழுத முடிவதற்குக் காரணம், அத்தையும் இப்போது உயிரோடு இல்லை. இந்த மழைக்கு முந்தின மழையில் போய்விட்டார். கலை இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். மாப்ள, பெட்டி அங்கேயும் ஓடியது.

அத்தையைக் காரைக்காலிலிருந்து வந்த வேறு யாருடைய பெட்டியிலோ வைத்திருந்தார்கள். நான் மாலை போட்டுவிட்டு வெளியே வந்து நின்றபோது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். பின்னால் அதே பாத்திரச் சத்தம்.

"தம்பி, 'நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கோம்'ங்கிறாரு சித்தப்பா."

"வர்றியளாண்ணே?"

"பேப்பர் இன்னும் ஆவலடா. அன்னைக்கு மாதிரி…" என்று இழுத்தார்.

"என் பெட்டி இல்லண்ணே இது. அத வித்து ரொம்ப நாளாச்சு."

"பெட்டி யாருதா இருந்தா என்னா? நீ ஒரு வார்த்த சொல்லு போதும். நா வந்துக்கிட்டுதான் இருந்தேன், பெட்டி தாங்கலன்னு…"

"யாருகிட்டண்ணே சொல்றது?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"அத நம்புறதுக்கு ஒரே ஒரு ஆளுதாண்ணே இருந்தாங்க."

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கூடத்திலிருந்து பெட்டியின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல பெட்டி, ஒரே சீராக ஓடியது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, சாவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோல, ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் போனை வைத்தேன்.